திருப்பித் தட்டாத காகிதம்

மணப்பட்டு
6.7.2025

வைஜெயந்திக்கு,

கடிதம் என்றால் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. உன்னிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அக்கா இளவரசியின் நம்பருக்குப் போன் பண்ணி, உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். "அவ போனத் தொட மாட்டேங்குறா ராஜ்குமாரு. பக்கத்துல வெச்சாவே எழுந்து போயிடுறா" என்றார். நேரில் வந்த அன்றைக்கும் நீ உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சகலை செல்லக்கண்ணு டீ வாங்கிக் கொடுத்து, தோளைத் தட்டி, பஸ் ஏற்றிவிட்டார். மணப்பட்டிலிருந்து வில்லியனூருக்குப் போய்ச் சேரும் நேரத்தில் ஒரு சினிமாகூட முடியாது. அந்தத் தூரத்துக்குப் புருஷன் பெண்டாட்டிக்கு ஸ்டாம்ப் ஒட்டுகிறானே என்று தபால் ஆபீஸில் இருந்தவர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆஸ்பத்திரியில் நான் பேசியது தப்புதான். ஆனால் நீயும் கொஞ்சம் நினைத்துப் பார். எர்ணாகுளத்தில் ஏறி விழுப்புரம் வரைக்கும் உட்கார இடமில்லாமல் வந்தவன் நான். பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வைத்து, பிள்ளை செத்தே பிறந்தது, முந்தின நாளே புதைத்தாயிற்று என்று அப்பா சொன்னார். அப்படி உள்ளே வந்தவன் என்ன பேசுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

பிறக்கும்போதே உயிரில்லாத பிள்ளையை வைத்திருக்கக் கூடாது, தகப்பன் வரும்வரை காத்திருக்கவும் கூடாது என்று சொல்லி அப்பா அவளைச் சவுக்குத் தோப்புப் பக்கம் கொண்டுபோய்விட்டார். எந்த இடம் என்று கேட்டால், தெரிந்து என்ன செய்யப்போகிறாய் என்கிறார். பெண் பிள்ளை என்று மட்டும் அம்மா சொன்னாள். மேலே கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள்.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. மீன் கேட்டு உன் வாடிக்கைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கரியமாணிக்கத்துத் தனக்கொடி அக்கா சங்கரா கேட்டார், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். செதில் சரியாக எடுக்கவில்லை என்று திட்டு வாங்கினேன்.

நீ வந்துவிடு வைஜி. இப்போது வர மனம் இல்லை என்றால் ஒன்றை மட்டும் எழுது. அவள் எப்படி இருந்தாள்? என் பிள்ளையின் முகத்தை ஊரில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். நீ சொன்னால்தான் உண்டு.

ராஜ்குமார்

*

வில்லியனூர்
15.7.2025

திரு. ராஜ்குமார் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் ஏன் போனைத் தொடுவதில்லை என்று அக்காவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களாம். நானே சொல்லிவிடுகிறேன், அவளை விட்டுவிடுங்கள்.

போன தீபாவளிக்கு அந்தப் போனை நீங்கள் வாங்கிக் கொடுத்தீர்கள். மீன் அள்ளின கையோடு தொட்டால் எழுத்து விழுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று நான் சலித்துக்கொண்டேன். போனை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, செட்டிங்ஸில் தேடித்தேடி டச் வைப்ரேஷன் என்று இருந்ததை முழுசாக ஏற்றி வைத்தீர்கள். "விரல்ல டிக்குனு தட்டுச்சுன்னா எழுத்து வுழுந்துச்சுன்னு அர்த்தம். தட்டலன்னா வுழல. நீ பாக்கவே வாணாம்" என்றீர்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அரை கிலோ இறால் என்று எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் நுனியில் ஒரு தட்டு. ஒருத்தியிடம் சில்லறை கொடுத்துக்கொண்டே இன்னொருத்திக்குப் பதில் எழுதுவேன். மார்க்கெட் சத்தத்தில் ரிங் கேட்காது என்று காலுக்கும் மெசேஜுக்கும் அதிர்வையே வைத்துக் கொடுத்தீர்கள். சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளச் சொன்னதும் நீங்கள்தான்.

ஏப்ரலில் இங்கே மீன்பிடித் தடைக்காலம் வந்ததும் நீங்கள் கேரளாவுக்குப் போட்டு வேலைக்குப் போனீர்கள். எனக்கு அப்போது ஏழாம் மாதம். நீங்கள் அனுப்புகிற மெசேஜ் வந்து இடுப்பில் அதிர்ந்தால் உள்ளேயிருந்து உடனே ஒரு உதை வரும். முதலில் சும்மா என்று நினைத்தேன். பிறகு நீங்களே சோதித்துப் பார்த்தீர்கள், நினைவிருக்கிறதா? நான் போனை எடுத்து வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு உங்களுக்குப் பதில் எழுதுவேன். எழுத்துக்கு எழுத்து அது தட்டும். உள்ளேயிருந்து பிள்ளை திருப்பித் தட்டும். நம்ம மூணு பேரும் பேசிக்கிறோம் என்று நீங்கள் எழுதினீர்கள்.

மே மாதக் கடைசியில் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, பிள்ளை நன்றாக அசைகிறதா என்று கேட்டபோது, அசைகிறது என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. எனக்கு அசைந்தது. மறுநாள் காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை. போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. மத்தியானம் வரை ஒன்றும் தோன்றவில்லை. சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான், இன்றைக்கு வயிறும் அசையவில்லையே என்று நினைப்பு வந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன். ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். அத்தையைக் கூப்பிட்டு ஆட்டோ வரவழைத்தேன். உள்ளேயே உயிர் போய்ச் சில நாள் ஆகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். இல்லைங்க, நேற்றுகூட உதைத்தது என்று அவரிடம் சண்டை போட்டேன். அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

நீங்கள் வந்தீர்கள். உங்களிடமும் அதைத்தான் சொன்னேன். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் படித்துக்கொள்ளுங்கள். "புள்ள அசையறதுக்கும் போன் அடிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியலயா உனுக்கு? நீ இன்னாடி பொம்பள?" அத்தை நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போன் எனக்கு வேண்டாம். அது அதிர்ந்தாலும் பயம், அதிராவிட்டாலும் பயம். காகிதம் நல்லது. எவ்வளவு எழுதினாலும் திருப்பித் தட்டாது.

அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். வித்தியாசம் தெரியாதவளிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?

வைஜெயந்தி

*

மணப்பட்டு
22.7.2025

வைஜிக்கு,

திரு. போட்டு எழுதியிருக்கிறாய். வாய்க்கு வாய் மாமா என்றும் நீ என்றும் கூப்பிட்டவள் நீங்கள் என்கிறாய். ஆஸ்பத்திரியில் நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன், நீ எனக்கு இரண்டு பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டாய். சரி, அது எனக்கு வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கேரளாவுக்குச் சுற்றிப் பார்க்கவா போனேன்? பிரசவத்துக்கு நாம் யாரிடமும் கையேந்தக் கூடாது என்று நீயும் நானும் சேர்ந்து பேசித்தானே போனேன். அடுத்த மாதம் வந்துவிடுவேன், அவன் பிறக்கும்போது இங்கேயே இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். நாம் அவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், இல்லையா. கல்யாணமாகி நாலு வருடம் காத்திருந்தது நீ மட்டும் இல்லை.

என் போனில் உன் குரல் ஒன்று இருக்கிறது. மார்க்கெட்டிலிருந்து நீ பேசி அனுப்பியது. "உதைச்சுட்டான் மாமா. நீ அனுப்புனது வந்ததும் வுட்டான் பாரு ஒண்ணு, சுருக்குப்பையே ஆடுது" என்று சொல்லிச் சிரிக்கிறாய். பின்னால் யாரோ நெத்திலி என்ன விலை என்று கேட்கிறார்கள். அது வந்த தேதியைப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்னதோடு வைத்துப் பார்த்தால் அப்போதே அவள் இல்லை. நான் இதை என்ன செய்வது, சொல். கேட்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் காதுக்கு வரும். போன வாரம் தனக்கொடி அக்காவுக்கு மீன் கொண்டுபோனேன். "இன்னாபா, வைஜிக்குப் புள்ள பொறந்துடுச்சா? ஆளையே காணோமே" என்று கேட்டார். பிறந்துவிட்டது, பெண் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் அப்படிப் போய்விட்டது. அவர் முகம் மலர்ந்துபோனது. எனக்கும் அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. யார் ஜாடை என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? அவங்க அம்மா ஜாடை என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மூட்டை கொடுத்தனுப்பினார். அவருடைய பழைய நூல் புடவைகளைத் துவைத்து, கிழித்து, சதுரம் சதுரமாக மடித்து வைத்திருக்கிறார். பழந்துணிதான் பிள்ளை உடம்பை உறுத்தாது என்றாராம். அது நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அம்மா அந்தப் பக்கமே போவதில்லை.

முகத்தை மட்டும் சொல்லிவிடு வைஜி. நான் கேட்பது அது ஒன்றுதான்.

ராஜ்குமார்

*

வில்லியனூர்
29.7.2025

திரு. ராஜ்குமார் அவர்களுக்கு,

துணி மூட்டையை உடனே எடுத்துக்கொண்டு கரியமாணிக்கத்துக்குப் போங்கள். தனக்கொடி அக்காவிடம் நடந்ததைச் சொல்லுங்கள். யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது, போனிலும் சொல்லக் கூடாது. அவர் எதிரே நின்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

நான் தெரியாமல் அசைகிறது என்று சொன்னேன். நீங்கள் தெரிந்தே பிறந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். என்னை என்ன பொம்பளை என்று கேட்டீர்கள். உங்களை யாரும் என்ன ஆம்பளை என்று கேட்கவில்லை.

என் ஜாடை என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். பார்த்தவள் நான். பார்க்காத நீங்கள் அவளுக்கு ஒரு முகம் வைத்து, கரியமாணிக்கம் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறீர்கள். அந்த முகமே போதும் என்றால் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?

அந்தக் குரலை அழித்துவிட வேண்டாம். எனக்கு அனுப்பவும் வேண்டாம்.

வைஜெயந்தி

*

மணப்பட்டு
17.8.2025

வைஜிக்கு,

கரியமாணிக்கத்துக்குப் போனேன். தனக்கொடி அக்கா பம்ப்செட் தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தார். மூட்டையை வரப்பில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன்னை நான் கேட்டதையும் சொன்னேன். அதை நீ சொல்லச் சொல்லவில்லை, ஆனால் பாதியை மட்டும் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னை அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "பாலு வத்திச்சாபா அவளுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே என் புத்தியில் படவில்லை. பிள்ளை போய்விட்டது என்று உன் உடம்புக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நீ அக்கா வீட்டு உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது, என்மேல் உள்ள கோபத்தில் இருக்கிறாய் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். மூட்டையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கொடுத்ததை வாங்கும் பழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து நான் ஒரு காரியம் செய்தேன். படித்தால் பைத்தியக்காரன் என்பாய். உன் போனை அதே பிளாஸ்டிக் கவரோடு உன் சுருக்குப்பையில் போட்டு, லுங்கிக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனேன். கரையில் ஐஸ் உடைக்கிற தமிழ்க்குமரனிடம், உனக்குத் தோன்றும்போதெல்லாம் இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பு, எப்போது அனுப்பினாய் என்று நான் வந்து கேட்டால் மட்டும் சொல் என்றேன். கரையை விட்டு ரொம்ப தூரம் போகாதவரை சிக்னல் கிடைக்கும், உனக்குத் தெரியும்.

முதல் நாள் எல்லாம் தெரிந்தது. பார், எனக்குத் தெரிகிறதே என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. போகப்போகக் குழம்பிவிட்டது. என்ஜின் அதிருகிறது, வலையை இழுக்கும்போது அடிவயிறு துடிக்கிறது, பசியிலும் உள்ளே என்னவோ புரளுகிறது. இன்றைக்கு நன்றாக அடித்ததே என்று கரைக்கு வந்து கேட்டால், "நான் இன்னிக்கு ஒண்ணுமே அனுப்பலயேண்ணே" என்கிறான் தமிழ்க்குமரன். அனுப்பினேன் என்று அவன் சொல்லும் நேரத்தில் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு நாள் போனை அலமாரியிலேயே வைத்துவிட்டு வெறும் வயிற்றோடு போனேன். அன்றைக்கும் அடித்தது. சுருக்குப்பை இருந்த இடத்தில் அப்படியே அடித்தது. நான் வலையை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு உள்ளே பிள்ளை இல்லை, எதிர்பார்ப்பு இல்லை. எனக்கே தெரியவில்லை என்றால் உனக்கு எப்படித் தெரியும்? உன்னிடம் நான் கேட்ட கேள்விக்கு உலகத்தில் யாரிடமும் பதில் இருக்காது வைஜி. அதைக் கேட்ட வாயை வைத்துக்கொண்டு நான் தினமும் சோறு தின்கிறேன்.

இன்னொன்று இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இந்தக் காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்தேன். அந்தக் கடைசி நாட்களில் கேரளாவில் பலத்த காற்று. போட்டை அவிழ்க்கவே இல்லை. கரையில் சும்மா உட்கார்ந்துகொண்டு உனக்கு மெசேஜாக அனுப்பித் தள்ளினேன். பூப் படம், மீன் படம், என்ன பண்றான், என்ன பண்றான் என்று. ஒவ்வொன்றுக்கும் உதைத்துவிட்டான் என்று உன்னிடமிருந்து பதில் வரும். அதைப் பார்த்து அடுத்ததை அனுப்புவேன். உன் வயிற்றில் கடைசியாக உதைத்துக்கொண்டிருந்தது நான்தான் வைஜி.

உன் போனில் டச் வைப்ரேஷனை நிறுத்திவிட்டேன். காலுக்கும் மெசேஜுக்கும்கூட நிறுத்தியாயிற்று. நிறுத்துவதற்காக அந்தப் பட்டனைத் தொட்டபோது கடைசியாக ஒரு தடவை விரலில் தட்டியது.

முகத்தைப் பற்றி இனிமேல் கேட்கமாட்டேன்.

ராஜ்குமார்

*

மணப்பட்டு
8.9.2025

வைஜிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பதிலுக்காக இதை எழுதவில்லை. உனக்கும் தெரிய வேண்டியது என்பதால் எழுதுகிறேன்.

நேற்று அப்பாவே என்னைக் கூப்பிட்டுச் சவுக்குத் தோப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒரு மரத்தடியில் நின்றார். பிறகு அடுத்த மரத்துக்குப் போனார். அங்கிருந்து திரும்பி முதல் மரத்துக்கே வந்தார். போன மாதம் பெய்த மழையில் மண் சரிந்து எல்லா இடமும் ஒன்று போல ஆகிவிட்டது. "இங்கதான்டா, இங்கதான் எங்கியோ" என்று சொல்லிவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

இடமும் இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது அவள் இருப்பது உன்னிடம் மட்டும்தான். பத்திரமாக வைத்துக்கொள்.

ராஜ்குமார்

*

வில்லியனூர்
21.9.2025

மாமா,

நான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுத உட்காருவேன், அக்கா ஏதாவது கேட்பாள், எழுந்து போய்விடுவேன். இன்றைக்கு எல்லாரும் மாதா கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பால் வற்றியதா என்று தனக்கொடி அக்கா கேட்டாரே, வற்றிவிட்டது என்று சொல். ரொம்ப நாள் ஆனது. மல்லிகைப் பூவை வைத்து மாரைக் கட்டினால் வற்றும் என்று அக்கா தினமும் வாங்கி வந்து கட்டிவிட்டாள். நீ வந்தாயே, அன்றைக்கு நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எப்படி வெளியே வருவேன்? இப்போதும் மார்க்கெட்டில் பூக்கடை இருக்கும் பக்கம் நான் போவதில்லை. அக்கா வீட்டுக்காரர் கடையில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். கையில் வேலை இருந்தால் பொழுது போகிறது.

நீ வயிற்றில் போனைக் கட்டிக்கொண்டு போனதைப் படித்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன்னைப் போல ஒரு கிறுக்கனை நான் பார்த்ததில்லை. பிறகு போன் இல்லாமலே அடித்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. எனக்கும் அடிக்கிறது மாமா. போனைத் தொட்டே நாலு மாதம் ஆகப்போகிறது. இடது பக்கம், அதே இடத்தில். மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். பைத்தியம் எனக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக உதைத்தது நான்தான் என்று எழுதினாய். நீ கூட இல்லை, எனக்கு வேண்டிய நேரத்தில் நீ கூட இல்லை என்று இங்கே வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் போன பிறகு என்கூட இருந்தது நீ ஒருத்தன்தான். இதை நினைத்தால் உன்னைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருக்கிறது. உன்னைப் பார்க்கவே கூடாது என்றும் இருக்கிறது. உன் கை என் வயிற்றில் பட்டால் எனக்கு எது நினைவுக்கு வரும் என்று உனக்கே தெரியும். அதனால் என்னை இப்போது வா என்று கூப்பிடாதே. எப்போது வருவேன், வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. வரமாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை.

கேட்கமாட்டேன் என்றாய். இடமும் போய்விட்டது என்றாய். அதனால் சொல்கிறேன்.

தலை நிறைய முடி இருந்தது, ஈரமாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு. புருவம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி இலேசாக இருந்தது. நெற்றி உன் நெற்றி, அகலமாக. கீழ் உதடும் உன்னுடையதுதான், நீ கோபத்தில் முன்னால் தள்ளுவாயே, அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். என் ஜாடை எங்கேயும் இல்லை. தனக்கொடி அக்காவிடம் நீ சொன்னது தப்பு, அவளிடம் இருந்ததெல்லாம் உன் முகம். அத்தைக்கும் அது தெரியும், அதனால்தான் நீ கேட்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார். கால் இரண்டும் நீளம். தோல் சில இடத்தில் உரிந்து சிவந்திருந்தது, அதை விட்டுவிட்டுச் சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. முகம் சுத்தமாக இருந்தது. தூங்குகிற பிள்ளை என்றுதான் யாரும் சொல்வார்கள்.

நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார், வேண்டும்வரை வைத்துக்கொள் என்றார். வலது கையை இறுக்கி மூடி வைத்திருந்தாள். நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே என் விரலை வைத்தேன். பிறந்த பிள்ளைகள் விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும் என்பார்கள் இல்லையா? அவள் கை சில்லென்று இல்லை மாமா. என் வயிற்றுக்குள் இருந்த சூடு இன்னும் அவளிடம் இருந்தது. அதனால் நான் காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, விரலை அசைக்காமல் காத்திருந்தேன். உன் அப்பா வந்து அவளை வாங்கிக்கொள்ளும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு தட்டு இல்லை.

மறுநாள் நீ வந்து, வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டாய். தெரியும் மாமா. நீ கேட்பதற்கு முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிட்டது.

வைஜி